தலைசுற்றலும் உட்செவியும்: ஐதராபாத் நகரில் தக்க மருத்துவம் பெறும் வழி

காது நோய் என்றவுடன் சீழ் வடிதல், காது கேளாமை ஆகிய இரண்டுமே பொதுவாக நம் நினைவுக்கு வருகின்றன. பொதுச் சுகாதாரத் திட்டங்களும் பெரும்பாலும் இவ்விரண்டையும் கருத்திற் கொண்டே வகுக்கப்பட்டுள்ளன. ஆயின் காதுக்கு மற்றொரு பணியும் உண்டு. நிற்கவும் நடக்கவும் திரும்பவும் துணைபுரியும் சமநிலை உணர்வில் பெரும்பங்கு உட்செவியிலிருந்தே கிடைக்கிறது. அங்குக் கோளாறு நேரும்போது காது வலிப்பதில்லை, சீழும் வடிவதில்லை. எனவே நோயாளி காது மருத்துவரைத் தேடிச் செல்வதும் இல்லை. இரத்த அழுத்தம் பார்க்கிறார், கண்ணாடி மாற்றுகிறார், கழுத்தெலும்புத் தேய்வு என்ற ஐயத்தில் எக்ஸ்ரே எடுத்துக்கொள்கிறார், மாதக்கணக்கில் மாத்திரை உண்கிறார். ஐந்து நிமிடச் சிகிச்சையில் தீரக்கூடிய நோய்க்கு இவ்வளவு அலைச்சலும் செலவும் ஏற்படுகின்றன. இதற்கு நேர்மாறாக, சில நாட்களுக்குள் கவனித்தாக வேண்டிய செவி இழப்பு ஒன்று, சளி அடைப்பு என்று கருதப்பட்டு வாரக்கணக்கில் விடப்படுவதும் உண்டு.

தெலங்கானாவின் தலைநகரான ஐதராபாத், இச்சிக்கலை ஆராய்வதற்கு ஏற்ற நகரம். காது, மூக்கு, தொண்டை நோய்களுக்கென்றே இயங்கும் அரசு மருத்துவமனை இங்குண்டு. செவித்திறன் குறைந்தோருக்கான தேசிய நிறுவனத்தின் வட்டார மையமும், பெரிய தனியார் மருத்துவமனைகளும் இங்குள்ளன. இத்தனை இருந்தும், எந்தக் கதவை எப்பொழுது தட்டுவது என்பது பலருக்குத் தெளிவாக இல்லை. அத்தெளிவுக்கு முதற்படி, உட்செவியின் அமைப்பை அறிதல்.

உட்செவியின் அமைப்பு

மண்டையோட்டின் பக்கவாட்டில், மிகவும் உறுதியான எலும்புப் பகுதியினுள் உட்செவி பொதிந்துள்ளது. இதன் முற்பகுதி நத்தையின் ஓட்டைப் போன்று ஏறத்தாழ இரண்டரைச் சுற்றுகள் சுருண்டிருக்கும். இதுவே காக்ளியா எனப்படும் கேட்கும் உறுப்பு. இதனுள் ஏறத்தாழ 15,000 மயிரிழை உயிரணுக்கள் உள்ளன. ஒலி அதிர்வு உட்செவித் திரவத்தை அசைக்க, அவ்வசைவை இவ்வுயிரணுக்கள் நரம்புத் துடிப்பாக மாற்றுகின்றன. மனிதரிடம் இவை ஒருமுறை அழிந்தால் மீண்டும் வளர்வதில்லை. பேரிரைச்சல், முதுமை, சில நுண்ணுயிர்க் கொல்லி ஊசி மருந்துகள் ஆகியவை இவற்றை அழிக்கவல்லவை. காசநோய்க்கு நெடுங்காலம் பயன்பட்ட ஸ்டிரெப்டோமைசின், கானமைசின் ஆகிய ஊசிகள் இவ்வகையில் பலருடைய செவித்திறனையும் சமநிலையையும் பாதித்தன. மருந்துக்குக் கட்டுப்படாத காசநோயில் கானமைசினைத் தவிர்க்குமாறு உலக சுகாதார நிறுவனம் 2018இல் அறிவுறுத்தியதற்கு இதுவும் ஒரு காரணம்.

உட்செவியின் பிற்பகுதியில் ஒன்றுக்கொன்று செங்குத்தாக மூன்று அரைவட்டக் குழாய்கள் உள்ளன. தலை எத்திசையில் திரும்பினாலும் இவற்றுள் ஏதேனும் ஒன்றில் உள்ள திரவம் அசைந்து அச்செய்தியை மூளைக்கு அனுப்பும். குழாய்களுக்கும் காக்ளியாவுக்கும் இடைப்பட்ட இரு சிறு பைகளில் நுண்ணிய சுண்ணாம்புப் படிகங்கள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. புவியீர்ப்பு எப்பக்கம் இருக்கிறது என்பதை இவை உணர்த்துகின்றன. இரு காதுகளும் அனுப்பும் செய்திகள் ஒத்திருக்கும் வரை நமக்குச் சமநிலையைப் பற்றிய நினைவே எழுவதில்லை. ஒரு காதின் செய்தி பிழைபட்டால், உடல் அசையாதிருந்தும் மூளை சுழற்சியை உணர்கிறது. அதற்கேற்பக் கண்கள் துடிக்கின்றன. குமட்டலும் வாந்தியும் தொடர்கின்றன.

கண்ணுக்கும் காதுக்கும் உள்ள இத்தொடர்பை நோய் காணும் கருவியாக்கியவர் வியன்னா நகர மருத்துவர் ராபர்ட் பாரனி. காதைக் கழுவும் நீர் மிகக் குளிர்ந்திருந்தாலும் மிகச் சூடாக இருந்தாலும் நோயாளிகளுக்குச் சுழற்சி உண்டாவதையும், அப்போது கண்கள் துடிக்கும் திசை மாறுவதையும் அவர் கவனித்தார். நீரின் வெப்பநிலை உட்செவித் திரவத்தில் ஓட்டத்தை உண்டாக்குகிறது என்று அதனின்று உய்த்துணர்ந்தார். 1914ஆம் ஆண்டுக்கான நோபெல் பரிசு அவருக்கு வழங்கப்பட்டபோது அவர் ருசியாவில் போர்க் கைதியாக இருந்தார். ஒவ்வொரு காதின் சமநிலைத் திறனையும் தனித்தனியே அளக்கும் அவருடைய முறை இன்றும் சிறப்பு மருத்துவமனைகளில் வழக்கிலிருக்கிறது.

ஒரு சொல், பல நோய்கள்

தமிழர் ‘தலை சுற்றுகிறது’ என்கிறோம். தெலுங்கு பேசுவோர் ‘தல திருகுதோந்தி’ என்பர். பழைய ஐதராபாதின் தக்கினி உருது பேசுவோர் ‘சக்கர்’ என்பர். அறை சுழல்வது, கண் இருண்டு மயங்குவது, நடையில் தள்ளாடுவது, பசியால் வரும் கிறுகிறுப்பு ஆகிய அனைத்தையும் மக்கள் இவ்வொரு சொல்லாலேயே குறிக்கின்றனர். பல மொழி பேசுவோர் ஒரே வரிசையில் நிற்கும் புறநோயாளர் பிரிவில் இதனால் குழப்பம் மிகுகிறது. எனவே ‘எப்படி இருக்கிறது?’ என்று கேட்பதினும், ‘எவ்வளவு நேரம் நீடிக்கிறது? எதனால் தொடங்குகிறது? கேட்கும் திறன் குறைந்ததா?’ என்று கேட்பதே பயன் தரும். இம்மூன்று வினாக்களே நோயைப் பெரும்பாலும் பிரித்துக் காட்டிவிடும்.

படுக்கையில் புரளும்போதும், பரணில் உள்ள பொருளை எடுக்க அண்ணாந்து பார்க்கும்போதும், ஒரு நிமிடத்துக்கும் குறைவாக அறை சுழலுமாயின், பையிலுள்ள படிகங்கள் இடம் பெயர்ந்து அரைவட்டக் குழாய்க்குள் புகுந்துவிட்டன என்று கருத இடமுண்டு. தலைசுற்றல் நோய்களுள் மிகப் பரவலானது இதுவே. கேட்கும் திறன் இதில் குறைவதில்லை. இதனைக் கண்டறிய இயந்திரம் தேவையில்லை; ஒரு கட்டில் போதும். நோயாளியை அமரவைத்து, தலையை ஒரு பக்கம் 45 பாகை திருப்பி, தலை கட்டிலின் விளிம்புக்குச் சற்றுக் கீழே தொங்குமாறு விரைவாகப் படுக்கவைத்துக் கண்களை நோக்க வேண்டும். சில நொடிகளில் கண்கள் துடிக்கத் தொடங்கி, ஒரு நிமிடத்துக்குள் அடங்கினால் நோய் உறுதியாகிறது. டிக்ஸ், ஹால்பைக் என்னும் இங்கிலாந்து மருத்துவர் இருவர் 1952இல் விளக்கிய சோதனை இது.

சிகிச்சையும் அதே கட்டிலில் அப்பொழுதே நிகழலாம். தலையையும் உடலையும் படிப்படியாக மறுபக்கம் திருப்பி, ஒவ்வொரு நிலையிலும் அரை நிமிடத்துக்குக் குறையாமல் நிறுத்தினால், படிகங்கள் குழாயின் வழியே உருண்டு தம் இடத்துக்குத் திரும்புகின்றன. அமெரிக்க மருத்துவர் ஜான் எப்லி வகுத்த இம்முறையால் பெரும்பாலோர் ஓரிரு அமர்வுகளிலேயே குணமடைகின்றனர். அவர் இதனை முதலில் எடுத்துரைத்தபோது சக மருத்துவர்கள் எளிதில் ஏற்கவில்லை. மாத்திரையும் கத்தியும் இல்லாத வைத்தியத்தின்பால் அவநம்பிக்கை எல்லா நாடுகளிலும் உண்டு போலும்! கழுத்தெலும்பு நோய் உள்ளவர்களுக்கு மட்டும் இதனை எச்சரிக்கையுடன் செய்தல் வேண்டும்.

சுழற்சி பல மணி நேரமன்றி நாட்கணக்கில் தொடருமாயின், சமநிலை நரம்பின் அழற்சி காரணமாக இருக்கலாம். ஒற்றைத் தலைவலி உடையோருக்குச் சில நிமிடங்கள் முதல் மூன்று நாட்கள் வரை சுழற்சி வருவதும் உண்டு. இங்கு ஓர் எச்சரிக்கை இன்றியமையாதது. சுழற்சியுடன் பேச்சுக் குழறல், இரட்டைப் பார்வை, முகமோ கையோ மரத்துப்போதல், பிடிப்பின்றி நிற்கவே இயலாமை, திடீர்க் கடுந்தலைவலி இவற்றுள் ஏதேனும் ஒன்று தோன்றினால் அது மூளையின் பின்பகுதியில் இரத்தக் குழாய் அடைப்பாக இருக்கக்கூடும். அந்நிலையில் காது மருத்துவரைத் தேடிக் காலம் போக்காமல், நரம்பியல் பிரிவும் ஸ்கேன் வசதியும் உள்ள அவசரச் சிகிச்சைப் பிரிவுக்கு உடனே செல்ல வேண்டும்.

மெனியர் நோய்

காதில் அடைத்தது போன்ற உணர்வு, கடலிரைச்சல் போன்ற ஒலி, கேட்கும் திறன் ஏறி இறங்குதல், இவற்றுடன் 20 நிமிடம் முதல் 12 மணி நேரம் வரை நீடிக்கும் கடும் சுழற்சி: இவை மீண்டும் மீண்டும் வருமாயின் மெனியர் நோய் எனப்படும். பாரிஸ் நகரில் செவிடர், ஊமையர் கல்வி நிலையத்தின் தலைமை மருத்துவராக இருந்த ப்ரோஸ்பர் மெனியர், 1861ஆம் ஆண்டில் இதனை எடுத்துரைத்தார். அதுவரை இத்தகைய சுழற்சி மூளையில் இரத்தம் பெருகுவதால் விளைகிறது என்று நம்பி, அட்டை கடிக்கவிட்டும் இரத்தம் வடித்தும் வந்தனர். காதிலிருந்தே இது எழக்கூடும் என்று அவர் கூறியது அக்காலத்தில் எளிதில் ஏற்கப்படவில்லை. மறு ஆண்டே அவர் காலமானார். இந்நோயில் உட்செவித் திரவம் மிகுந்து அதன் மென்சவ்வுப் பை விம்முகிறது என்பது 1938இல் இலண்டனிலும் ஜப்பானிலும் தனித்தனியே கண்டறியப்பட்டது. திரவம் ஏன் மிகுகிறது என்ற வினாவுக்கு இன்றும் முழு விடை இல்லை.

நோயாளியைத் துன்புறுத்துவது சுழற்சி மட்டுமன்று. அது எப்பொழுது வரும் என்பதை அறிய இயலாமையுமாகும். பேருந்து ஓட்டுபவர், கட்டடச் சாரத்தில் ஏறி வேலை செய்பவர், அடுப்பங்கரையில் கொதிக்கும் எண்ணெய்முன் நிற்பவர் ஆகியோருக்கு இந்நோய் பிழைப்பையே கேள்விக்குறியாக்குகிறது. ஆயினும் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016, செவிக்குறையை இரு காதுகளிலும் 60 டெசிபலுக்குக் குறையாத இழப்பைக் கொண்டே அளவிடுகிறது. ஒரு காதில் மட்டும் இழப்பும், அடிக்கடி வரும் சுழற்சியும் உடையவர் அவ்வளவுகோலுக்குள் வருவதில்லை. சான்றிதழ் இல்லாத இயலாமை என்று இதனைச் சொல்லலாம்.

இந்நோய்க்கு அறுதியான தீர்வு இல்லையெனினும், பெரும்பாலோருக்கு அதனைக் கட்டுக்குள் வைக்க முடியும். உப்பைக் குறைக்குமாறு மருத்துவர்கள் முதலில் கூறுவர். ஆவக்காய் ஊறுகாயும் அப்பளமும் கருவாடும் அன்றாட உணவாக உள்ள நம் தென்னகத்தில், சமையலில் இடும் உப்பைக் குறைத்தால் மட்டும் போதாது என்பதை எடுத்துச் சொல்ல வேண்டும். சிறுநீர் பெருக்கும் மருந்துகளும், பீட்டாஹிஸ்டின் மாத்திரையும் வழக்கில் உள்ளன. பீட்டாஹிஸ்டின் நம் நாட்டில் தலைசுற்றல் என்ற சொல்லைக் கேட்டவுடன் எழுதப்படும் மருந்தாகிவிட்டது. ஆனால் ஜெர்மனியில் மெனியர் நோயாளிகளிடம் நடத்தப்பட்டு 2016இல் வெளியான ஆய்வில், அது தரப்பட்டவர்களுக்கும் வெற்று மாத்திரை தரப்பட்டவர்களுக்கும் சுழற்சியின் எண்ணிக்கையில் வேறுபாடு காணப்படவில்லை. மாத்திரையால் அடங்காத நிலையில் செவிப்பறையின் வழியே ஸ்டிராய்டு மருந்தைச் செலுத்தலாம். ஜென்டாமைசின் செலுத்தி நோயுற்ற காதின் சமநிலைச் செயலை ஒடுக்குவதும் உண்டு. இதனால் செவித்திறன் குறையக்கூடும் என்பதால், தேர்ந்த சிறப்பு மருத்துவரின் கையிலேயே இது நிகழ வேண்டும்.

சுழற்சியை அடக்கும் சின்னரிசின், புரோகுளோர்பெரசின் போன்ற மாத்திரைகள் கடும் நிலையில் சில நாட்களுக்கு மட்டுமே உரியவை. முதியோர் இவற்றை மாதக்கணக்கில் உட்கொண்டால் கைநடுக்கமும் உடல் விறைப்பும் தோன்றுவதுண்டு. அன்றியும், பாதிக்கப்பட்ட காதின் குறையை மூளை பழகி ஈடு செய்து கொள்வதை இவை தடுக்கின்றன. அவ்வாறு பழகுவதற்கென்றே கண், தலை, நடைப் பயிற்சிகள் உள்ளன. 1940களில் இங்கிலாந்தில் காதோர்ன், குக்சி ஆகிய இருவர் வகுத்த இப்பயிற்சிகள் செலவற்றவை, வீட்டிலேயே செய்யத்தக்கவை.

நாட்களை எண்ண வேண்டிய நிலை

ஒருவர் காலையில் எழும்போது ஒரு காது அடைத்துக்கொண்டு கேட்கவில்லை. இரைச்சலும், சில வேளை சுழற்சியும் உடன் உள்ளன. இது செவிக்குரும்பியாகவோ சளியாகவோ இருக்கலாம். மூன்று நாட்களுக்குள் உண்டான நரம்புவழிச் செவி இழப்பாகவும் இருக்கலாம். பின்னதாயின் ஸ்டிராய்டு மருந்தை இரண்டு வாரங்களுக்குள், இயன்ற வரை முதல் சில நாட்களிலேயே தொடங்குவது நல்ல பயன் தருகிறது. காலம் கடந்தபின் வாய்ப்புக் குறைந்துவிடும். நீரிழிவு உள்ளவர்களுக்கு மாத்திரைக்கு மாறாகச் செவிப்பறை வழியே மருந்து செலுத்தும் முறை உண்டு. ஆதலால் சர்க்கரை நோயைக் காரணங்காட்டிச் சிகிச்சையைத் தள்ளிப்போட வேண்டியதில்லை.

இவ்விரண்டையும் பிரித்தறிய 512 அதிர்வெண் கொண்ட ஓர் இசைக்கவை போதும். அதனைத் தட்டி நெற்றியின் நடுவில் வைத்து, எக்காதில் ஒலி கேட்கிறது என்று வினவ வேண்டும். குரும்பியால் அடைபட்ட காதாயின், அடைபட்ட பக்கத்திலேயே ஒலி உரக்கக் கேட்கும். நரம்பு பாதிக்கப்பட்டிருந்தால் நல்ல காதின் பக்கமே கேட்கும். இசைக்கவை பள்ளி இயற்பியல் ஆய்வுக்கூடங்களில் கிடக்கும் எளிய கருவி. அது ஆரம்பச் சுகாதார நிலையத்தின் மேசையிலும் இருக்குமானால், எவரை அன்றே நகரத்துக்கு அனுப்ப வேண்டும் என்பதை அங்குள்ள மருத்துவரே முடிவு செய்துவிடலாம்.

ஐதராபாதில் எங்குச் செல்வது

கோட்டிப் பகுதியில் உள்ள அரசு காது, மூக்கு, தொண்டை மருத்துவமனை, உஸ்மானியா மருத்துவக் கல்லூரியுடன் இணைந்தது. உட்செவி நோய் என்ற ஐயம் எழுந்தால் அரசுத் துறையில் முதலில் நாட வேண்டிய இடம் இதுவே. செகந்திராபாதின் காந்தி மருத்துவமனையிலும் இத்துறை உண்டு. நரம்பியல் நோய் என்று கருத இடமிருந்தால், பஞ்சாகுட்டாவிலுள்ள நிஜாம் மருத்துவ அறிவியல் கழகத்தை நாடலாம். ஒரு காதில் மட்டும் இழப்பு மிகுந்திருப்பின், செவி நரம்பில் கட்டி உள்ளதா என்று எம்.ஆர்.ஐ. மூலம் பார்த்துக்கொள்வது அவசியம்.

செவித்திறனை அளப்பதற்கும், காதுக்கருவி பெறுவதற்கும், பயிற்சிக்கும் உரிய இடம் செகந்திராபாத் மனோவிகாஸ் நகரில் உள்ள அலி யாவர் ஜங் தேசிய நிறுவனத்தின் வட்டார மையமாகும். இந்நிறுவனம் பம்பாயைத் தலைமையிடமாகக் கொண்டு 1983இல் தோன்றியது. யாருடைய பெயரைத் தாங்குகிறதோ அந்த அலி யாவர் ஜங், ஐதராபாதில் பிறந்து, உஸ்மானியாப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராகப் பணியாற்றி, பின்னர் மகாராஷ்டிர ஆளுநராக விளங்கியவர். தகுதியுள்ள ஏழைகளுக்கு மத்திய அரசின் உதவிக் கருவித் திட்டத்தின்கீழ் காதுக்கருவி பெற இங்கு வழியுண்டு. பிறவியிலேயே கேளாத சிறு குழந்தைகளுக்குக் காக்ளியர் கருவி பொருத்துவதற்கு அத்திட்டமும், 2007இல் ஒன்றுபட்ட ஆந்திரப் பிரதேசத்தில் தொடங்கிய ஆரோக்கியஸ்ரீ திட்டமும் துணைபுரிகின்றன.

தனியார் மருத்துவமனைகளுள் தேர்ந்தெடுப்போர் விளம்பரத்தை நோக்காமல் சில செய்திகளைக் கேட்டறிதல் நலம். ஒலி புகாத அறையில் செவித்திறன் வரைபடம் எடுக்கப்படுகிறதா? சோதிப்பவர் இந்திய மறுவாழ்வுக் கழகத்தில் பதிவு பெற்றவரா? கட்டில் சோதனையை மருத்துவர் தாமே செய்கிறாரா, அல்லது நேரே விலை மிகுந்த கண்ணசைவுப் பதிவுக்கும் ஸ்கேனுக்கும் அனுப்புகிறாரா? சமநிலைப் பயிற்சி கற்பிக்கப்படுகிறதா? காதுக்கருவி விற்கும் கடையில் தரப்படும் இலவசச் சோதனை, மருத்துவரின் ஆய்வுக்கு ஈடாகாது.

திட்டத்தில் இடம்பெற வேண்டியவை

நம் நாட்டு மக்களுள் 6.3 விழுக்காட்டினருக்குக் குறிப்பிடத்தக்க செவிக்குறை உண்டு என்னும் மதிப்பீட்டின் அடிப்படையில், காது கேளாமைத் தடுப்பு, கட்டுப்பாட்டுக்கான தேசியத் திட்டம் 2006–07இல் 25 மாவட்டங்களில் சோதனை முறையில் தொடங்கிப் பின்னர் விரிந்தது. மாவட்ட மருத்துவமனைகளுக்குச் செவித்திறன் அளக்கும் கருவிகளும் பணியாளரும் இதன்வழிக் கிடைக்கின்றனர். திட்டத்தின் பெயரே காட்டுவதுபோல் அழுத்தம் முழுதும் கேளாமையின் மீதே உள்ளது. சமநிலைக் கோளாறையும் அதில் சேர்ப்பதற்குப் புதிய கட்டடமோ பெரிய இயந்திரமோ தேவையில்லை. முன்னர் கூறிய மூன்று வினாக்களையும், கட்டில் சோதனையையும், எப்லி முறையையும், இசைக்கவையின் பயனையும் மருத்துவ அலுவலர்களுக்கு ஓரிரு நாட்களில் கற்பித்துவிடலாம். ஆயுஷ்மான் பாரத் நலவாழ்வு மையங்களின் பணிப் பட்டியலில் காது, மூக்கு, தொண்டை நோய்கள் ஏற்கெனவே இடம்பெற்றிருப்பதால் நிர்வாக முறையிலும் இடர்ப்பாடு இராது.

மாவட்டங்களிலிருந்து கோட்டிக்கு வரும் நோயாளியின் கையில் பெரும்பாலும் மருந்துச் சீட்டுகளே இருக்கின்றன. அனுப்பும் மருத்துவர் ஒரு தாளில் ஐந்து செய்திகளைக் குறித்தனுப்பினால், சிறப்பு மருத்துவரின் வேலை பாதியாகக் குறையும்: சுழற்சி எத்தனை நேரம் நீடிக்கிறது, எதனால் தொடங்குகிறது, எக்காதில், எந்நாளிலிருந்து கேட்கவில்லை, இசைக்கவை ஒலி எப்பக்கம் கேட்டது, இதுவரை என்னென்ன மருந்து, எத்தனை நாட்கள். கேட்கும் திறன் திடீரெனக் குறைந்த நோயாளியாயின், அந்த நாளைத் தாளின் மேற்பகுதியில் சிவப்பு மையால் எழுதி, பதிவு வரிசையில் நிறுத்தாமல் நேரே மருத்துவரிடம் அனுப்புமாறு மருத்துவமனைக் கண்காணிப்பாளர்கள் ஆணையிடலாம்.